விசா வந்த பிறகு கேட்கும் கேள்வி

"ஹஜ்ரத், பையனுக்குச் சவூதியிலிருந்து விசா வந்திருக்கிறது. அனுப்பலாமா?"

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் அஸர் தொழுகை முடிந்தபின் பள்ளிவாசல் திண்ணையில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் பையனின் அத்தாவாக இருப்பார். ஆலோசனை கேட்பது போலத்தான் தோன்றும். ஆனால் அதற்குள் ஏஜெண்டுக்கு முன்பணம் போயிருக்கும். அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கும். பாஸ்போர்ட், முன்பின் அறியாத ஒருவரின் மேசை இழுப்பறையில் இருக்கும். அந்த நிலையில் ஹஜ்ரத் என்ன சொல்ல முடியும்? துஆச் செய்து அனுப்புகிறார். மஷூராவும் இஸ்திகாராவும் முடிவெடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை என்பதை நாம் எல்லாரும் அறிந்திருக்கிறோம். விசா விஷயத்தில் மட்டும் அது எப்படியோ மறந்துபோகிறது.

போவது கூடுமா, கூடாதா என்பதில் மார்க்கம் நமக்குச் சிரமம் வைக்கவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுமாறு சூரத்துல் ஜும்ஆ பணிக்கிறது. சூரத்துல் முஸ்ஸம்மில், அந்த அருளைத் தேடிப் பயணம் செய்பவர்களை அல்லாஹ்வின் பாதையில் போரிடுவோருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசுகிறது. தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் அப்படியே உண்டார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியில் பதிவாகியிருக்கிறது. கையில் தொழில் உள்ள இளைஞர் அதை எந்த மண்ணில் செய்தாலும் அது இபாதத்தே.

ஆகவே, போகக் கூடாது என்பது இக்கட்டுரையின் கட்சி அன்று. வட்டிக்கு வாங்கிய கடனோடும், திரும்பும் நாள் குறிக்காமலும் போகக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது. நம் வீடுகளில் நடக்கும் பயணங்களில் பல, இவ்விரண்டு குறைகளையும் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே புறப்படுகின்றன.

வேலைக்காக அயல்நாடு சென்ற ஓர் இளைஞரின் வரலாறு குர்ஆனிலேயே இருக்கிறது. அதை நாம் பெரும்பாலும் வேறு பாடங்களுக்காகவே படிக்கிறோம். மூஸா (அலை) அவர்கள் எகிப்தை விட்டு மத்யன் வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றும் இல்லை. நீ இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்று நிழலில் அமர்ந்து இறைவனிடம் கேட்டார்கள். பின்பு அவர்களுக்கு வேலை கிடைத்த விதத்தைச் சூரத்துல் கஸஸில் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வேலைக்கு அமர்த்தத் தக்கவர் வலிமையும் நம்பகமும் உடையவர் என்று அந்த வீட்டுப் பெண் தகப்பனாரிடம் சொல்கிறார். தொழில்திறனையும் நேர்மையையும் ஒருங்கே கேட்கும் தகுதி அது. தகப்பனார் முன்வைத்த ஒப்பந்தத்தில் காலம் தெளிவாக இருக்கிறது: எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து. உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்ற வாக்குறுதியும் இருக்கிறது. அல்லாஹ் சாட்சி. தவணை முடிந்ததும் மூஸா (அலை) அவர்கள் குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டார்கள் என்பது வரை குர்ஆன் சொல்கிறது. காலம், வேலை, கூலி, சாட்சி ஆகிய எல்லாம் முன்கூட்டியே பேசப்பட்டன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருடைய பயணத்தில் இவற்றுள் பாதியாவது பேசப்படுகிறது?

திண்டுக்கல்லுக்கு இந்தப் பயணம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களுக்குக் கப்பலேறுதல் தலைமுறைப் பழக்கம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிவாசல் கட்டிவிட்டார்கள். அங்கே போகிறவருக்கு மாமனோ மச்சானோ முன்பே கடை வைத்திருப்பார். சஃபர் என்ற அரபுச் சொல்லிலிருந்து சபுராளி என்று ஒரு தமிழ்ச் சொல்லையே அவர்கள் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். உள்நாட்டில் வாழும் நம் கதை வேறு. இது பட்டறைகளின் ஊர். 1755இல் மைசூர் அரசின் ஃபௌஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணையோடு படைக்கலச் சாலை அமைத்த ஊர். (அவரும் வெளியூரிலிருந்து பணிக்கு வந்தவர்தாம். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரைத்தான் பேகம்பூர் இன்றும் சுமக்கிறது.) இரும்பு இங்கே பூட்டானது; தோல் இங்கே பதமானது.

பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகரிலிருந்து மலிவான இயந்திரப் பூட்டுகள் வந்து குவிந்த பிறகு, கையால் பூட்டுச் செய்யும் பட்டறைகளுக்குள் இளைஞர்கள் நுழைவது அரிதாகிவிட்டது. தோல் ஷாப்புகளின் கதையும் இதுதான். பாலாற்றங்கரை மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. கெட்டுப்போன நிலத்தடி நீரை நினைத்தால் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும் அத்தொழிலை நம்பியிருந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அவர்களில் சிலர் ஐடிஐயில் சேர்ந்து எலக்ட்ரீஷியன், வெல்டர், ஃபிட்டர், ஏசி மெக்கானிக் என்று தேறி வெளியே வருகிறார்கள். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் ரயிலேறி வருகிறார்கள். நம் பிள்ளைகள் திருச்சியிலும் மதுரையிலும் விமானம் ஏறுகிறார்கள். 2015இல் நடந்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டவரைச் சுமார் 22 லட்சம் என்று கணக்கிட்டது.

உள்நாட்டுக்காரருக்குக் கடலோரத்து மாமனும் மச்சானும் இல்லாத இடத்தை நிரப்புபவர் ஏஜெண்ட். அவருக்கும் அவருக்குக் கீழுள்ள சப்-ஏஜெண்டுக்கும் கொடுக்கும் பணமே கடனின் தொடக்கம். அந்தக் கடன் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் வீட்டு எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வயது ஏசி மெக்கானிக் ஒருவர். ரியாத்தில் மாதம் 1,300 ரியால் சம்பளம் என்று சொல்கிறார்கள். ரியாலுக்கு 22 ரூபாய் வைத்தால் 28,600 ரூபாய். வீட்டில் அந்த எண்ணைக் கேட்டதும் முகங்கள் மலர்கின்றன. சாப்பாடு, கைபேசி, சில்லறைச் செலவுக்கு 350 ரியால் போனால் மிச்சம் 950 ரியால். அதாவது 20,900 ரூபாய். வீட்டுச் செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் அனுப்ப வேண்டும். கையில் நிற்பது 10,900 ரூபாய்.

இவர் ஏஜெண்டுக்குக் கொடுத்தது ஒன்றரை லட்சம். அதை மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு, வாங்கியிருக்கிறார்கள். முதல் மாத வட்டியே 4,500 ரூபாய். மிச்சமாகும் 10,900 ரூபாயையும் ஒரு காசு குறையாமல் மாதாமாதம் கடனுக்கே கட்டினாலும் அடைத்து முடிக்கப் பதினெட்டு மாதங்கள் ஆகும். அதற்குள் வட்டியாக மட்டும் ஏறத்தாழ 46,000 ரூபாய் போயிருக்கும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் தனக்கென அவர் சேர்ப்பது கடைசி ஆறு மாதத்துச் சேமிப்பான 65,400 ரூபாய். இதிலும் ஒரு மாதம்கூடச் சம்பளம் தாமதமாகவில்லை, அவர் ஒரு நாளும் நோயில் படுக்கவில்லை, வீட்டில் திடீர்ச் செலவு எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

அதே பிள்ளை திண்டுக்கல்லிலேயே மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார் என்று கொள்வோம். வீட்டுக்கு 10,000, தன் செலவுக்கு 3,000 போக மாதம் 5,000 நிற்கும். இரண்டாண்டில் 1,20,000. அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு, கடலுக்கு அப்பால் போனவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்த்திருப்பார்.

மூன்றாவது கணக்கும் உண்டு. அதே ரியாத், அதே 1,300 ரியால், ஆனால் கடன் இல்லை. மாதம் 10,900 வீதம் இருபத்து நான்கு மாதத்தில் 2,61,600 ரூபாய். வெளிநாடு உண்மையிலேயே பயன்தரும் கணக்கு இதுதான். கடனோடு போனவரின் சேமிப்புக்கும் இதற்கும் இடையிலுள்ள ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாயை ஏஜெண்டும் வட்டிக்காரரும் பங்கிட்டுக்கொண்டார்கள். வியர்வை மட்டும் பையனுடையது.

பணம் போவதோடு முடிவதில்லை. கடனாளியாகப் போனவர் அங்கே எதற்கும் "முடியாது" என்று சொல்ல இயலாதவராகிறார். சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறொன்று என்றாலும் வாய் திறக்க மாட்டார். மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் நின்றாலும் ஊருக்குத் திரும்ப மாட்டார். திரும்பினால் வாசலில் வட்டிக்காரர் நிற்பார். கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்கிறார், வாக்களித்தால் மாறுசெய்கிறார் என்பதால் கடனிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாதுகாப்புத் தேடினார்கள் என்பதை நாம் ஹதீஸாக அறிவோம். வளைகுடா முகாமிலிருந்து வீட்டுக்குப் பேசும் பிள்ளை "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லும்போது அந்த ஹதீஸின் பொருள் இன்னும் கொஞ்சம் விளங்கும். வட்டி கொடுப்பதன் பாவத்தைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிப் புறப்படும் பயணத்தின் முதல் அடியே அதில் விழுகிறது.

இத்தனைக்கும், இந்தப் பணத்தைப் பையன் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வெளிநாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் செலவு, இகாமா, வேலை அனுமதிக் கட்டணம், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பில் வைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதைத் தடுக்கிறது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய்; 18 சதவீத ஜிஎஸ்டியோடு 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள். ஏஜெண்ட் பதிவு பெற்றவர்தாமா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. அதன் அறிவிப்புகளை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்க்கிறார்களோ, அறியேன்.

ஐடிஐ படித்த பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை. அவர் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் அங்கே பதிவாகும். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை தரும் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு அவருக்குக் கட்டாயம். இரண்டாண்டுக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய்தான். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்தச் சோதனை இல்லை. நேரே விமானம் ஏறலாம். அதை ஒரு தகுதியாக நாம் கொண்டாடுகிறோம். ஆனால் அவருடைய ஒப்பந்தத்தை அரசின் சார்பில் எவரும் பார்க்கவில்லை என்பதும் அதன் பொருள்தான். படித்த பிள்ளை, படிக்காத பிள்ளையைவிடக் குறைந்த பாதுகாப்போடு போகும் விந்தை இது. சட்டம் கேட்காவிட்டாலும், அந்த ஒப்பந்தத்தைப் பார்க்கும் வேலையை நாமே செய்தாக வேண்டும்.

பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது விசாவில் எழுதப்பட்ட தொழிலின் பெயர். ஏசி மெக்கானிக்கை "லேபர்" என்று எழுதி அனுப்பினால் சம்பளமும் அதற்கேற்பத்தான் இருக்கும். வேறு வேலை செய்து பிடிபட்டால் குற்றவாளி அவரே. சவூதி அரசு இப்போது எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏசி டெக்னீஷியன் போன்ற தொழில்களுக்கு இந்தியாவிலேயே திறன் தேர்வு வைத்து, தேறியவருக்கே அந்தத் தொழிலின் விசா தருகிறது. பலர் இதை ஒரு தொல்லையாகக் கருதி, தேர்வு இல்லாத வேறு விசாவில் அனுப்பச் சொல்கிறார்கள். என் கருத்தில், கையில் தொழிலுள்ள பிள்ளைக்குக் கிடைத்த நல்ல கேடயம் அந்தத் தேர்வு. "ஃப்ரீ விசா" என்று விற்கப்படுவதில் ஃப்ரீயாக எதுவும் இல்லை. பெயருக்கு ஒரு கபீல், வேலைக்கு வேறு இடம், மாதாமாதம் அந்தக் கபீலுக்குக் கப்பம். அவர் ஹுரூப் கொடுத்துவிட்டால், ஓடிப்போனவன் என்ற பெயரோடு சிறையும் நாடுகடத்தலும். விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்பதும் இதே வகைதான்.

ஒப்பந்தம் அரபியில் இருக்கும். சவூதியில் மொழிபெயர்ப்புக்கும் அரபி மூலத்துக்கும் முரண் வந்தால் அரபியே செல்லும். "அரபி யாருக்குத் தெரியும்?" என்று நம்மவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஏழெட்டு ஆண்டுகள் மதரஸாவில் அரபி ஓதி ஆலிமானவர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார். மிஹ்னா என்றால் தொழில், முத்தத் என்றால் காலம், அஜ்ர் என்றால் கூலி என்பது அவருக்குத் தெரியும். மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் வருவதும் அதே அஜ்ர் தான். பையனை அனுப்பலாமா என்று அவரிடம் கேட்பதற்கு முன், இந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தால் எத்தனையோ வீடுகள் தப்பியிருக்கும்.

கணக்கும் காகிதமும் சரியாக இருந்தாலும் உயிர் அல்லாஹ்வின் கையில்தான். 2024 ஜூன் 12 அதிகாலை, குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பற்றியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். மின்கசிவே காரணம் என்று குவைத் தீயணைப்புத் துறை கூறியது. விமானப்படை விமானம் கொச்சியில் இறக்கிய அந்தப் பெட்டிகளின் படத்தை நாம் கைபேசியில் பார்த்தோம், அடுத்தவருக்கு அனுப்பினோம். ஆனால் அடுத்த பையன் புறப்பட்டபோது, தங்குமிடம் எங்கே, ஓர் அறையில் எத்தனை பேர், வெளியேற எத்தனை வழி என்று கேட்டோமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பது நபிமொழி. அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் ஒருவரிடம் வீடியோ அழைப்பில் அந்த அறையைக் காட்டச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இனி, திரும்பும் நாளைப் பற்றி. பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது உங்கள் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கிறது, தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. தேவை முடிந்ததும் என்பதே அதன் உயிர்நாடி. தேவை எது, எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வைக்காதவருக்கு அது முடிவதே இல்லை. முதலில் கடன் அடைய வேண்டும் என்பார்கள். பிறகு ராத்தாவின் நிக்காஹ், பிறகு வீடு, வீட்டுக்கு மாடி, மாடிக்கு மார்பிள். அவரவர் நோக்கில் ஒவ்வொன்றும் நியாயமே. ஆனால் இருபத்திரண்டில் போனவர் நாற்பதில் சர்க்கரை நோயோடு வந்து இறங்கும்போது, மார்பிள் தளத்தில் நடக்கும் பிள்ளைகள் அவரை விருந்தாளியாகப் பார்க்கிறார்கள். அவருடைய தொழிலும் அவரை விட்டுப் போயிருக்கும். ஊரில் பழைய வாடிக்கையாளர் இல்லை. பதினெட்டு ஆண்டு ஒரே பெரிய கட்டடத்தின் ஒரே வகை இயந்திரத்தைக் கவனித்தவருக்கு இங்குள்ள புதிய இன்வெர்ட்டர் ஏசி அந்நியமாக இருக்கும். அங்கே போய்ச் சில்லர், டக்ட் வேலைகளை ஆழமாகக் கற்று, மூன்றாண்டில் திரும்பிச் சொந்தமாகக் கடை போட்டவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் வேறுபாடு பெரும்பாலும் திரும்பிய ஆண்டில் இருக்கிறது.

மணமானவர் என்றால் இது அவர் ஒருவருடைய கணக்கு இல்லை. கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் துயரக் குரலை மதீனாவின் இரவில் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டு, படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு வைத்தார்கள் என்பது வரலாறு. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. நம் ஊரில் மாப்பிள்ளை நாற்பது நாள் விடுமுறையில் வந்து நிக்காஹ் முடித்துவிட்டுத் திரும்புகிறார். இரண்டாண்டு, மூன்றாண்டு என்று பிரிவு நீள்கிறது. அந்தப் பெண்ணிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. ஃபாரின் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று தேடும் பெண் வீட்டாரும் இதில் பங்காளிகளே. உள்ளூரில் கடை வைத்திருக்கும் வெல்டருக்குப் பெண் தர யோசிப்பவர்கள், அவரே தம்மாமில் ஒரு முகாமில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் இருக்கிறார் என்றால் உடனே சம்மதிக்கிறார்கள்.

"இதெல்லாம் பேசலாம், வீட்டில் அரிசிக்கு வழியில்லாதவன் என்ன செய்வான்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வறுமை அவசரப்படுத்தும். 35,400 ரூபாயும் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாயும் மெடிக்கல் செலவும் சேர்ந்தாலே பல வீடுகளுக்கு அது மலைதான். ஆனால் ஒன்றரை லட்சம் வட்டிக்குப் புரட்ட முடிந்த குடும்பத்துக்கு, ஐம்பதாயிரம் வட்டியில்லாமல் புரட்ட வழி செய்வது ஒரு ஜமாஅத்தால் முடியாத காரியமா? பள்ளிவாசலின் மினாராவைப் புதுப்பிக்க ஓராண்டில் வசூலாகும் தொகையில் ஒரு பகுதியைப் பைத்துல்மாலில் வைத்து, கர்ழ் ஹஸனாவாக ஆண்டுக்கு நான்கு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மாதம் ஐயாயிரம் வீதம் திரும்பி வந்தால் பத்து மாதத்தில் அடுத்தவருக்குத் தயார். கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் பார்ப்போம் என்று ஒரு நிபந்தனை வைத்தால், பதிவில்லாத ஏஜெண்டுகள் அந்த மஹல்லாப் பக்கம் வரவே தயங்குவார்கள்.

அதற்கும் முன்னால், பிள்ளை ஏன் போக விரும்புகிறார் என்று கேளுங்கள். ரியால் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. உள்ளூர்ப் பட்டறையில் அவருக்கு என்ன கிடைக்கிறது? வெல்டிங் பட்டறை, லேத், மோட்டார் வைண்டிங் கடை, எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் நடத்துபவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். இதைப் படிப்பவர்களிலும் சிலர் இருப்பீர்கள். ஐடிஐ முடித்து வரும் பிள்ளையை "தொழில் கற்றுக்கொள்கிறான்" என்று சொல்லி மூன்று ஆண்டு எடுபிடியாக வைத்திருக்கும் இடங்கள் உண்டு. வீட்டுக்காரர் பில் கொடுக்கவில்லை என்று வாரக் கூலியை நிறுத்தி வைக்கும் இடங்களும் உண்டு. வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் பாதுகாப்புக் கையுறைகூட இருக்காது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீஸை வளைகுடா முதலாளிகளை நோக்கி மேடையில் முழங்குகிறோம். ரியாத்தில் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அவர் பேசுவது ரியாலின் மதிப்பைப் பற்றி மட்டும் இல்லை.

மாதம் 18,000 ரூபாயைக் குறித்த நாளில் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்தி, ஐந்தாம் ஆண்டில் கடையில் ஒரு சிறு பங்கும் தருவதாகச் சொல்லும் முதலாளி பேகம்பூரில் ஒருவர் இருந்தால், அந்த ஏசி மெக்கானிக்கின் மூன்று கணக்குகளோடு நான்காவதாக ஒன்றும் சேரும். அது எவ்வளவு வரும் என்று இங்கே நான் போட்டுக் காட்டவில்லை. முதலாளிகள் இந்தச் சனிக்கிழமை மாலை கூலி நோட்டைத் திறக்கும்போது, எந்தப் பையனுக்கு எத்தனை வாரத்து நிலுவை நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தக் கணக்கை அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.